நாலு சிட்டம், 760 வரிசை: ஒரு மயில்கழுத்துச் சால்வை

ஆடி என்றால் ஊரில் காற்று. இங்கே தென்னாப்பிரிக்காவில், பீட்டர்மாரிட்ஸ்பர்கில், ஆடி என்றால் குளிர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஜூலையும் ஆகஸ்டும்தான் பனிக்காலம். மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாட்களில் (இளசுகள் ‘பாரிட்ஜ் பிரேயர்’ என்பார்கள்) விடியற்காலையில் கோயில் வாசலில் நிற்கிற பெண்கள் எல்லோரும் புடவைக்கு மேல் எதையாவது இழுத்துப் போர்த்திக்கொண்டுதான் நிற்பார்கள். சுற்றிலும் மேடு, நடுவில் ஊர். ராத்திரி குளிர்ந்த காற்று கீழே இறங்கி அப்படியே தங்கிவிடும். 1893 ஜூன் 7 அன்று இரவு காந்தியை ரயிலிலிருந்து இறக்கிவிட்டது இந்த ஊர் ஸ்டேஷனில்தான். ஓவர்கோட் சாமான்களோடு மாட்டிக்கொண்டது. கேட்டால் மறுபடி அவமானப்படுத்துவார்களோ என்று கேட்காமலே குளிரில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜூன் மாத ராத்திரி ஒன்றை இங்கே கம்பளி இல்லாமல் கழித்தவர்களுக்கு அந்த நடுக்கம் எப்படிப்பட்டது என்று தெரியும்.

நான் பிறந்தது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில், தறிச் சத்தம் ஓயாத வீட்டில். கல்யாணத்துக்குப் பிறகு கணவரின் வேலை எங்களை இங்கே கொண்டுவந்து 14 வருஷம் ஆகிறது. தறி இல்லாத வீட்டில் கை சும்மா இருக்கவில்லை. ஊசியும் கம்பளி நூலும் எடுத்தேன். இப்போது பின்னல் டிசைன் போட்டு, அதைப் பேட்டர்னாக எழுதி விற்பதுதான் என் தொழில். பின்னுவது இந்தத் தொழிலில் பாதிகூட வராது. மாதிரி போட்டுப் பார்ப்பது, கண்ணி எண்ணுவது, கணக்குப் போடுவது, கிராஃப் வரைவது, எழுதியதை இன்னொருவர் பின்னிப் பார்த்துத் திருத்துவது, போட்டோ எடுப்பது என்று ஒரு டிசைனுக்கு மூன்று நான்கு மாதம் போய்விடும்.

பக்கத்து வீட்டு ஆயாவுக்கு 82 வயது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த தாத்தாவின் பேத்தி. இந்தத் தெருவில் என்னோடு தமிழிலேயே பேசுகிற ஒரே ஆள். அவருடைய பழைய சால்வை நைந்து வலையாகிவிட்டது. “ஆடிக்குள்ள புதுசு பின்னித் தரேன் ஆயா, என்ன கலர் வேணும்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “எங்கம்மா கல்யாணப் பொடவ மாதிரி. மயில்கழுத்து.”

அங்கே ஆரம்பித்தது.

மயில்கழுத்து என்பது சாயத்தின் பெயர் இல்லை. சாயப்பட்டறையில் போய் ‘ஒரு கிலோ மயில்கழுத்து போட்டுக் கொடுங்கள்’ என்று கேட்க முடியாது. நெடுக்கே ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. இரண்டும் குறுக்கும் நெடுக்குமாகப் படுத்திருப்பதால், ஒரு பக்கம் வெளிச்சம் விழுந்தால் பாவு மினுங்கும், மறுபக்கம் விழுந்தால் ஊடை மினுங்கும். புடவையைக் கையில் எடுத்து அசைத்தால்தான் நிறம் பிறக்கும். பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல் வளைந்து வளைந்து கண்ணிக்குள் கண்ணியாகப் போகிறது. அதில் எப்படி இந்த நிறத்தைக் கொண்டுவருவது?

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். நீல மெரினோ (மெரினோ செம்மறியாட்டின் மென்மையான கம்பளி) ஒரு இழை, மெல்லிய பச்சை மொஹேர் (அங்கோரா ஆட்டு மயிரில் நூற்றது) ஒரு இழை, இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு துண்டு பின்னினேன். அழகான துண்டு. மொஹேரின் மயிர் மேலே பனி மாதிரி படர்ந்து நீலத்தை மூடியது. ஆனால் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே நிறம். நீலமும் பச்சையும் கலந்து பாசி பிடித்த குளத்துத் தண்ணீர் போல ஒரு மூன்றாவது நிறம் வந்ததே தவிர, அசையவில்லை. மயில்கழுத்து அசைய வேண்டும். அந்தத் துண்டை எடுத்து வைத்துவிட்டேன். மொஹேரைப் பிரித்து எடுப்பது பெரிய பாடு. மயிரோடு மயிர் பின்னிக்கொண்டு விடவே விடாது.

இரண்டாவது வழி ‘ஷேடோ நிட்டிங்’. நிழல் பின்னல் என்று நான் சொல்வேன். கண்ணிக்கு இரண்டு முகம். நிட் முகம் வழவழவென்று படுத்திருக்கும். பர்ல் முகம் மேடாக எழுந்து நிற்கும். ஒரு நிறத்தைப் பள்ளத்திலும் இன்னொரு நிறத்தை மேட்டிலும் வைத்துவிட்டால், நேரே பார்க்கிற கண்ணுக்கு இரண்டும் கோடுகோடாகத் தெரியும். சாய்வாகப் பார்க்கிற கண்ணுக்கு மேடு பள்ளத்தை மறைத்துவிடும். உழுத வயலை வரப்பில் நின்று பார்ப்பதும் நடுவில் நின்று பார்ப்பதும் போல.

நாலே வரிசைதான் இதன் மூலம்:

முதல் வரிசை, நீலம், முன்பக்கம்: எல்லாம் நிட்.
இரண்டாவது, நீலம், பின்பக்கம்: எல்லாம் பர்ல்.
மூன்றாவது, பச்சை, முன்பக்கம்: எல்லாம் நிட்.
நாலாவது, பச்சை, பின்பக்கம்: எல்லாம் நிட்.

பின்பக்கத்தில் போட்ட நிட் முன்பக்கத்தில் பர்ல் மேடாக வந்து நிற்கும். ஆக, நீலம் படுத்துவிட்டது, பச்சை எழுந்துவிட்டது. நிறம் மாறும் வரிசையை முன்பக்கத்தில் கட்டாயம் நிட்டாகவே போட வேண்டும். அங்கே பர்ல் போட்டால் புதிய நிறத்து மேட்டுக்குள் பழைய நிறம் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் இந்தப் புள்ளிகளைப் பார்க்கலாம். அதனால் இந்தத் துணிக்கு முகம் ஒன்றுதான்.

கையில் இருந்த நூலில் ஒரு சாண் பின்னி ஜன்னல் பக்கம் பிடித்துச் சாய்த்தேன். நீலக் கோடுகள் ஒவ்வொன்றாக மறைந்து துணி முழுக்கப் பச்சையானது. நேரே கொண்டுவந்தேன், நீலம் திரும்பி வந்தது. வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் ஆயாவிடம் காட்டினேன். கையில் வாங்கி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்துவிட்டு, “வந்துட்ச்சே!” என்றார்.

ஆனால் மாதிரித் துண்டைத் துவைக்காமல் நம்பக்கூடாது என்பது என் தொழிலில் முதல் பாடம். துவைத்தேன். மேடெல்லாம் படுத்துவிட்டது. 10 செ.மீ.-க்கு 24 இருந்த கண்ணி 22 ஆகத் தளர்ந்துவிட்டது. காரணம் நூல். அது சூப்பர்வாஷ் மெரினோ. கம்பளி மயிரின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். அந்தச் செதில்தான் மயிரோடு மயிரைப் பிடித்து வைக்கிறது. மெஷினில் துவைத்தாலும் சுருங்கி இறுகாமல் இருக்க, சூப்பர்வாஷ் முறையில் குளோரின் கொண்டு செதிலை மழித்து மேலே மெல்லிய பிசின் பூசிவிடுகிறார்கள். சாயம் வேகமாக, ஆழமாக ஏறும். தொட்டால் பட்டு மாதிரி இருக்கும். ஆனால் நனைந்தால் நூல் தொய்ந்துவிடும், மேடு நிற்காது. எனக்கு வேண்டியது செதிலோடு இருக்கிற, முறுக்கேறிய, சூப்பர்வாஷ் செய்யாத மெரினோ. அதில் கையால் சாயம் போட்டவர் யார் இருக்கிறார் என்று தேடியபோதுதான் ஹோவிக் ஊரைத் தாண்டி, நாட்டிங்காம் ரோடு என்ற ஊருக்குப் போகும் வழியில் இருக்கும் அந்தக் கடை ஞாபகம் வந்தது.

ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை போனேன். அந்தப் பக்கமெல்லாம் பால் பண்ணைகள். பழைய மாட்டுக் கொட்டகை ஒன்றை வெள்ளையடித்துக் கடையாக்கியிருக்கிறார்கள். கதவைத் திறந்ததும் ஈரக் கம்பளி வாசனையும் வினிகர் வாசனையும். சுவர் முழுக்க மர முளைகள், முளைக்கு முளை சிட்டம் சிட்டமாக, அதாவது சுற்றிக் கட்டிய கற்றை கற்றையாக, நூல். எங்கள் தெருவில் சாயப்பட்டறைக்கு வெளியே மூங்கிலில் பட்டுச் சிட்டங்களைக் காயப்போட்டு முறுக்கி உதறுவார்களே, அந்தக் காட்சியைக் கூரைக்குக் கீழே கொண்டுவந்த மாதிரி. அரக்கு, மாம்பழ மஞ்சள், வாடாமல்லி, எம்.எஸ். நீலம் என்று நான் மனசுக்குள் பெயர் சொல்லிக்கொண்டே நடந்தேன். கடைக்காரரின் சீட்டுகளில் வேறு பெயர்கள்.

கடைக்காரர் அறுபதைத் தாண்டியவர். தமிழ்க் குடும்பம்தான், ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் நாலாவது தலைமுறை. தமிழில் தண்ணி, பச்சை, போதும் என்று சில சொற்கள் மட்டும் மிச்சம், மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். இங்கே வயதில் பெரியவரை ஆன்ட்டி என்பதுதான் மரியாதை. நானும் ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டேன். என் மாதிரித் துண்டை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, மெல்லச் சாய்த்தார். “ஓ, பச்சை!” என்றார். அந்த ஒரு சொல்லைத் தமிழில் சொன்னார். அப்புறம் இரண்டு பேரும் மூன்று மணி நேரம் கடையை விட்டு வெளியே வரவில்லை.

சூப்பர்வாஷ் செய்யாத மெரினோ, ‘நாலு பிளை’ என்கிற மெல்லிய கனத்தில், அவரிடம் இருந்தது, 100 கிராம் சிட்டத்துக்கு 400 மீட்டர். இந்த நாட்டில் மெரினோ ஆட்டின் கதை 1789-இல் தொடங்குகிறது. ஸ்பெயின் நாட்டு மெரினோக்கள் சில கேப் பகுதியில் ராபர்ட் ஜேக்கப் கோர்டன் என்ற தளபதியிடம் வந்து சேர்ந்தன. இன்றைக்கும் இங்கே கத்தரிக்கிற கம்பளியில் பெரும்பங்கு நூலாகாமலே கப்பலேறிவிடுகிறது. அதனால் உள்ளூர் ஆட்டின் மயிரை உள்ளூரிலேயே நூற்று வாங்கிச் சாயம் போடுவதில் ஆன்ட்டிக்கு ஒரு பிடிவாதம். மொஹேர் அலமாரிக்குப் பக்கத்தில் போனதும் அவர் குரலே மாறியது. உலகத்து மொஹேரில் ஏறக்குறைய பாதி தென்னாப்பிரிக்காவிலிருந்துதான் போகிறது, பெரும்பாலும் ஈஸ்டர்ன் கேப்பின் கரூ வறண்ட நிலத்திலிருந்து. 1838-இல் துருக்கியிலிருந்து வந்த அங்கோரா ஆடுகளில் 12 கிடாய், ஒரு பெட்டை. வேறு யாரும் வளர்த்துப் பெருக்கிவிடக்கூடாது என்று கிடாய்களையெல்லாம் மலடாக்கி அனுப்பினார்களாம். பெட்டையோ சினை. வழியிலேயே ஆண் குட்டி போட்டது. அந்தத் தாயும் குட்டியுமாகத்தான் இங்கே மந்தை தொடங்கியது என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஆன்ட்டியும் அதை நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

நான் மனசில் வைத்துப் போனது ஆழ்ந்த நீலமும் மாவிலைப் பச்சையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தேன். இரண்டும் ஒரே சாம்பல். அங்கேயே அந்தப் பச்சை தள்ளுபடி. நிழல் பின்னலுக்கு நிறம் வேறாக இருந்தால் மட்டும் போதாது. ஒன்று இருட்டு, ஒன்று வெளிச்சம் என்று இருக்க வேண்டும். புள்ளியும் திட்டுமாகப் பல நிறம் தெறித்த சிட்டங்களும் ஆகாது, மேடு எது பள்ளம் எது என்று கண் குழம்பிவிடும். ஒரே நிறத்தில் மெல்லிய ஏற்ற இறக்கம் இருந்தால் போதும். ஏழு பச்சைகளைப் படம் எடுத்துப் பார்த்து, கிளிப்பச்சைக்கும் தளிருக்கும் நடுவில் ஒன்றை எடுத்தோம். நீலத்துக்கு அலமாரியில் இருந்தது எதுவும் சரிப்படவில்லை. “போட்டுவிடலாம்” என்றார் ஆன்ட்டி.

அவர் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீலத்துக்கான இரண்டு சிட்டத்தையும் அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்தார். காற்றுக் குமிழி எல்லாம் வெளியேறி நூல் தானாகத் தொட்டியின் அடியில் போய்ப் படுத்தது. மின்வெட்டுக் காலத்தில் வாங்கிய கேஸ் அடுப்பில் பெரிய எவர்சில்வர் பானை. 200 கிராம் நூலுக்கு 2 கிராம் சாயம், கரைசலாக அளந்து ஊற்றினார், நீலத்தோடு கொஞ்சம் டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலச் சாயம்) சேர்த்து. நூலை இறக்கி, சூட்டை மெதுவாக ஏற்றினார். கம்பளியைத் திடீர்ச் சூட்டில் போட்டுக் கிளறினால் செதில்கள் மாட்டிக்கொண்டு இறுகிவிடும். அதனால் கரண்டியை வைத்து அமுக்குவதோடு சரி. பிறகு சிட்ரிக் ஆசிட். பருத்திக்குச் சோடா, கம்பளிக்கும் பட்டுக்கும் புளிப்பு என்று எங்கள் தெருவில் சொல்வார்கள், இங்கேயும் அதேதான். கொதிக்கவிடாமல், ஆவி எழும் சூட்டில் அரை மணி நேரம் வைத்தார். மூடியைத் திறந்து கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் மொண்டு வெளிச்சத்தில் காட்டினார். சாயத் தண்ணீர் வெறும் தண்ணீர் ஆகியிருந்தது. மொத்த நீலமும் நூலுக்குள் போய்விட்டது. எங்கள் பட்டறை மாமா இதே மாதிரி பித்தளைச் செம்பில் மொண்டு பார்ப்பார்.

சிட்டங்களைக் கொடுக்கும்போது ஆன்ட்டி ஒன்று சொன்னார்: “ஒரே பானை என்றாலும் மேலே இருந்தது ஒன்று, கீழே இருந்தது ஒன்று. இரண்டு வரிசை இதில், இரண்டு வரிசை அதில் என்று மாற்றி மாற்றிப் போடும்மா.” தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் இந்த நூல்களில் பின்னிய முதல் மாதிரியைத் துவைத்தபோது தண்ணீர் இளநீலமாக வந்தது, பச்சை லேசாக மங்கியது. டர்க்காய்ஸ் கம்பளிக்குள் இறங்க மற்றச் சாயத்தைவிட நேரம் கேட்கும். நீலச் சிட்டம் இரண்டையும் மறுபடி பானையில் போட்டு, வினிகர் ஊற்றி, முக்கால் மணி நேரம் மெல்லிய சூட்டில் வைத்து, அந்தத் தண்ணீரிலேயே ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். காலையில் வெள்ளைத் துணியை நனைத்து நூலின் மேல் அழுத்தினேன். கறை இல்லை. அடர்ந்த நிறத்தை வெளிர் நிறத்தோடு சேர்க்கிற எவரும் இந்தத் துணிச் சோதனையைச் செய்யாமல் ஊசியைத் தொடக்கூடாது என்பேன்.

அடுத்தது கரை. இரண்டு முந்தானையிலும் கோபுரக் கரை வைக்க ஆசைப்பட்டேன். நிழல் பின்னலில் அதற்கு வழி இருக்கிறது: கோபுரம் வரும் இடத்தில் மட்டும் மேட்டையும் பள்ளத்தையும் இடம் மாற்றிவிட வேண்டும். அங்கே நீலம் எழும், பச்சை படுக்கும். நேரே பார்த்தால் வெறும் கோடு. சாய்த்தால் பச்சையில் நீலக் கோபுரம்.

சாதாரண கிராஃப் தாளில் 11 கட்டம் அடி, 12 கட்டம் உயரம் என்று கோபுரம் வரைந்து பின்னினேன். வேல் வந்தது. காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு கட்டத்தின் அகலம் ஒரு கண்ணி, அதாவது 4 மி.மீ.-க்குக் கொஞ்சம் மேல். உயரம் ஒரு மேடு, அதாவது நாலு வரிசை, 10 மி.மீ. சதுரக் கட்டத்தில் போட்டது துணியில் இரண்டரை மடங்கு நெட்டையாகிவிட்டது. கட்டத்தை அந்த விகிதத்துக்கே நீட்டி வேறு தாள் தயாரித்து மறுபடி வரைந்தேன்: 11, 9, 7, 5, 3, 1 என்று ஆறே மேட்டில் முடிகிற கோபுரம். அடி நாலரை செ.மீ., உயரம் 6 செ.மீ. காஞ்சிபுரத்துக் கோபுரத்தின் நிமிர்வு வந்துவிட்டது. 12 கண்ணிக்கு ஒன்றாக 11 கோபுரம், இரண்டு ஓரத்துக்கும் மும்மூன்று கண்ணி, ஆக 138 கண்ணி. கலசம் ஒற்றைப்படை என்பது போல இதுவும் ஒற்றைப்படையாக விழுந்ததில் எனக்குத் திருப்தி.

190 மேடு, 760 வரிசை. ஒரு வரிசைக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் நூல், ஆறரை நிமிடம். 3.5 மி.மீ. ஊசியில் மே முதல் வாரம் ஆரம்பித்தேன். காலையில் பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம், இரவில் இரண்டு மணி நேரம். பகலில் வேறு பேட்டர்ன்களின் கணக்கு, கடிதம், திருத்தம்.

ஆன்ட்டி சொன்னதை நான் செய்யவில்லை. நாலு நூல் ஒரே ஓரத்தில் தொங்கினால் ஓரம் தடித்துவிடும் என்று நினைத்து, முதல் சிட்டத்தை முழுக்கத் தீர்த்துவிட்டு இரண்டாவதை எடுத்தேன். 116-ஆவது மேட்டில் நீலம் தீர்ந்தது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் இரண்டாவது சிட்டம் அச்சு அசலாக அதே நீலம். 131-ஆவது மேடு முடிந்த மறுநாள் காலை, வெயிலில் விரித்தேன். குறுக்கே கோடு கிழித்த மாதிரி. அந்தப் பக்கம் ஆழ்கடல், இந்தப் பக்கம் ஒரு மாற்று வெளுத்த நீலம். பச்சை இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன, நீலம்தான்.

அன்றைக்கு ஊசியைத் தொடவில்லை. மறுநாள் கணக்குப் போட்டேன். 20 மேட்டுக்கு ஒருமுறை கண்ணிகள் வழியே ஒரு வெள்ளைப் பருத்தி நூலை ஓட்டி வைப்பது என் பழக்கம். பிரித்தால் அதற்குக் கீழே போகாது. 80-இல் இருந்த காவல் நூல்வரை பிரித்தால் முதல் சிட்டத்திலிருந்து 36 மேட்டுக்கான நீலம் திரும்பக் கிடைக்கும். அதை இரண்டாவது சிட்டத்தோடு மேட்டுக்கு மேடு மாற்றிப் போட்டால் 72 மேடு, அதாவது 152 வரை, நிறம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சொல்லாமல் நகர்ந்துவிடும். மிச்சம் 38 மேடு இரண்டாவது சிட்டத்திலேயே. பிரித்தது 204 வரிசை, 22 மணி நேர வேலை. வாசலில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தபோது ஆயா வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, “இன்னா பாப்பா, அவ்ளோத்தையும் அவுக்கிற?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். “எனக்குத் தெரியாது, விடேன்” என்றார். எனக்குத் தெரியும் ஆயா என்றேன். ஒன்றும் சொல்லாமல் வந்து, நூலை உருண்டையாகச் சுற்ற ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்.

பிரித்த நூல் நெளிநெளியாக நிற்கும். அப்படியே பின்னினால் கண்ணி சீராக விழாது. சிட்டமாகச் சுற்றி நனைத்து, அடியில் ஒரு டம்ளரைக் கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்துத்தான் மறுபடி எடுத்தேன். நூல்கள் ஓரத்தில் சேர்ந்து தொங்கியதில் ஓரம் தடிக்கவும் இல்லை. மூன்றையும் ஒரு சுற்று முறுக்கி மேலே ஏற்றினால் கயிறு மாதிரி அழகாகவே நின்றது. பேட்டர்னில் முதல் மேட்டிலிருந்தே நாலு சிட்டத்தையும் மாற்றிப் போடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறேன்.

இதற்கிடையில் பேட்டர்னை நாலு பேர் பின்னிப் பார்த்தார்கள். புளூம்ஃபான்டைனில் ஒருவர், குன்னூரில் ஒருவர், டர்பனில் இரண்டு பேர். குன்னூர்க்காரர் அரக்கும் கரும்பச்சையும் எடுத்து, கோபுரமே தெரியவில்லை என்று படம் அனுப்பினார். அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கித் திருப்பி அனுப்பினேன், உடனே புரிந்துகொண்டார். அந்தச் சோதனை இப்போது பேட்டர்னின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை இரண்டாவது வாரம் கடைசிக் கண்ணியை முடித்தேன். லேஸ் சால்வை என்றால் நனைத்து, இழுத்து, சுற்றிலும் ஊசி குத்திக் காயவைப்பேன். இதை இழுத்தால் மேடு படுத்துவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம், துண்டில் சுருட்டி மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்து, தரையில் விரித்துக் கையால் தட்டி நேராக்கியதோடு சரி. 58 செ.மீ. அகலம், 190 செ.மீ. நீளம், 327 கிராம். இரண்டு நாள் காய்ந்தது.

ஆடிக் கூழ் அன்று ஆயா அதைப் போர்த்திக்கொண்டு கோயில் மண்டபத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் கொஞ்சம் தள்ளி, பக்கவாட்டில். முதுகில் மேடுகள் நெட்டுக்குத்தாக நிற்கும்படி சின்ன ஓரத்திலிருந்து பின்னியிருந்தேன். குத்துவிளக்கு வெளிச்சத்தில் அவர் திரும்பும்போதெல்லாம் முதுகு பச்சையாகி நீலமாகிப் பச்சையானது. அதற்காகத்தான் திட்டம் போட்டேன், அது நடந்தது. நான் யோசிக்காத ஒன்றும் நடந்தது. தோளிலிருந்து முந்தானை முன்னால் தொங்கும்போது மேடுகள் குறுக்கே படுத்துவிடுகின்றன. எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வெறும் கோடுதான். குனிந்து தன் மடியைப் பார்க்கிறவருக்குச் சாய்வுப் பார்வை. ஆயா கூழ்ச் சட்டியை வாங்கி மடியில் வைத்தவர், குனிந்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். “பாப்பா, இங்க பாரு. கோபுரம் என்னிய பாத்து நிக்குது.” எதிரில் இருந்த பெண் எட்டிப் பார்த்துவிட்டு, எங்கே என்று கேட்டார். ஆயா சால்வையின் நுனியைத் தூக்கிச் சாய்த்துக் காட்டினார்.

மூன்று வாரம் போர்த்திய பிறகு, நாற்காலியில் சாய்கிற இடத்தில் மட்டும் மேடு கொஞ்சம் அமுங்கியது. தண்ணீர் தெளித்து, கையால் அகலவாக்கில் நெருக்கிவிட்டேன், காய்ந்ததும் எழுந்துவிட்டது. பராமரிப்புக் குறிப்பில் அதையும் சேர்த்தாகிவிட்டது.

நீலத்திலும் பச்சையிலும் 36 கிராம் போல மிச்சம். ஆயாவின் கொள்ளுப்பேரனுக்குக் குல்லா கேட்டார். 108 கண்ணி போட்டு வட்டமாக ஆரம்பித்திருக்கிறேன். வட்டத்தில் பின்பக்கம் என்பது கிடையாது. எல்லாச் சுற்றும் முன்பக்கமாகவே வரும். அதனால் இரண்டாவது சுற்று நிட், நாலாவது சுற்று பர்ல். ஒன்பது கோபுரம்.